சர்வெக்ஸ்ல குகை சர்வே டேட்டா: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

குகைக்குள்ள டேப், காம்பஸ், கிளைனோ (சரிவுக் கோணம் அளக்குற கருவி) வச்சு அளந்தாச்சு, நோட்டுல சேறும் நம்பருமா இருக்கு, இனி இத சர்வெக்ஸ்ங்கற குகை சர்வே மென்பொருள்ல போட்டு என்ன பண்றதுன்னு கேட்கிறவங்களுக்கு இது. கமாண்ட் பேரெல்லாம் உச்சரிப்புப்படி தமிழ்ல எழுதியிருக்கேன், ஃபைல்ல அடிக்கறப்ப இங்கிலீஷ் எழுத்துல, முன்னாடி நட்சத்திரக் குறி சேத்து அடிக்கணும்.

சர்வெக்ஸ்னா ஒரே ப்ரோக்ராமா?

இல்ல, ஒரு செட். அதுல முக்கியமானது கேவர்ன், இதுதான் கமாண்ட் லைன்ல ஓடுறது. நீங்க டைப் பண்ண டெக்ஸ்ட் ஃபைல படிச்சு ஒவ்வொரு ஸ்டேஷனும் (அளவு எடுத்த புள்ளி) எங்க இருக்குன்னு எக்ஸ், ஒய், இசட் கணக்கு போட்டு, த்ரீ-டி ஃபைல் ஒண்ணும் பிழை விவரம் இருக்கிற எர் ஃபைல் ஒண்ணும் எழுதும். அந்த த்ரீ-டி ஃபைல சுத்திச் சுத்திப் பாக்கறதுக்கு ஏவன்னு ஒரு வியூவர் இருக்கு. அப்புறம் வேற ஃபார்மேட்டுக்கு மாத்த சர்வெக்ஸ்போர்ட், நீட்டி விரிச்ச பக்கவாட்டுத் தோற்றத்துக்கு (எலிவேஷன்) எக்ஸ்டெண்ட், ரெண்டு ரன்னுக்கு நடுவுல எந்த ஸ்டேஷன் எவ்வளவு நகந்துச்சுன்னு பாக்க டிஃப்பாஸ். எல்லாமே ஜிபிஎல் லைசென்ஸ்ல இலவசம், லினக்ஸ், விண்டோஸ், மேக் மூணுலயும் ஓடும்.

ஏவன்லயே ஃபைல திறந்தா ஓடுதே, அப்ப கமாண்ட் லைன் எதுக்கு?

ஓடும்தான், ஏவன் உள்ள கேவர்னதான் கூப்பிடுது. ஆனா டேட்டா திருத்துறப்ப ஒரே வேலைய அம்பது தடவ செய்யணும், ஒரு நம்பர மாத்து, ஓட்டு, பாரு, திரும்ப மாத்து. அதுக்கு டெர்மினல்தான் வசதி. கியூ ஆப்ஷன் போட்டா சுருக்கமா மட்டும் பேசும், டபிள்யூ ஆப்ஷன் போட்டா எச்சரிக்கையக்கூட எர்ரரா எடுத்துக்கிட்டு நின்னுடும், நிறைய பேர் சேந்து டேட்டா போடுற ப்ராஜெக்ட்ல இந்த ரெண்டாவது ரொம்ப உதவும்.

ஒரு சர்வே ஃபைல்ல குறைஞ்சபட்சம் என்ன இருக்கணும்?

*பிகின் போட்டு சர்வே பேரு, கீழ *டேட் போட்டு தேதி (2023.04.16 மாதிரி வருஷம் முதல்ல), யார் என்ன வேலை பாத்தாங்கன்னு *டீம், எந்தக் கருவின்னு *இன்ஸ்ட்ருமென்ட், அப்புறம் எந்த வரிசையில நம்பர் வருதுன்னு சொல்ற *டேட்டா வரி. அதுக்குக் கீழ ஒவ்வொரு லெக்கும் (ஒரு ஸ்டேஷன்ல இருந்து அடுத்ததுக்கு எடுத்த அளவு) ஒரு வரி:

1  2  12.40  274  +14
2  3  8.15  291  -3
3  4  5.60  255  +22

முதல் ரெண்டு நம்பர் எந்த ஸ்டேஷன்ல இருந்து எந்த ஸ்டேஷனுக்கு, அடுத்து நீளம் மீட்டர்ல, காம்பஸ் டிகிரி, கிளைனோ டிகிரி. கடைசியில அதே பேரோட *எண்ட். அளவு இல்லாத வேற எதையாவது ஃபைல்ல குறிச்சு வைக்கணும்னா அரைப்புள்ளி போட்டு எழுதுங்க, ப்ரோக்ராம் அத படிக்காது. "ஸ்டேஷன் 3 சுண்ணாம்புத் திட்டுல சிவப்பு புள்ளி" மாதிரி விஷயத்த கட்டாயம் எழுதி வைங்க, ரெண்டு வருஷம் கழிச்சு அங்கருந்து சர்வேய தொடரப் போறவங்களுக்கு நம்பர விட இதுதான் தேவைப்படும்.

ஸ்டேஷனுக்கு தமிழ்ல பேர் வைக்கலாமா?

வேண்டாம். டீஃபால்ட்டா இங்கிலீஷ் எழுத்து, எண், அண்டர்ஸ்கோர், ஹைஃபன் இவ்வளவுதான் ஏத்துக்கும். பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசமும் பாக்காது, பாக்கணும்னா *கேஸ் போட்டு சொல்லணும்.

ஓட்டி முடிச்சதும் ஒரு லிஸ்ட் காட்டுதே, அதுல என்ன பாக்கணும்?

முதல்ல லூப் எண்ணிக்கை. உதாரணத்துக்கு 214 ஸ்டேஷன், 217 லெக், எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்திருக்குன்னா லூப் 217 - 214 + 1, அதாவது 4. நீங்க உள்ள போயிட்டு வந்தவங்க, எத்தன இடத்துல சுத்தி வந்து பழைய ஸ்டேஷன்ல முடிச்சீங்கன்னு உங்களுக்கே தெரியும். உங்க கணக்குல 5, ப்ரோக்ராம் 4ன்னு சொன்னா எங்கயோ ஒரு ஸ்டேஷன் பேர் தப்பா அடிச்சிருக்கு, மூட வேண்டிய லூப் மூடாம தொங்குது. அடுத்து மேல கீழ வித்தியாசம், எந்த ஸ்டேஷன் உச்சம் எது ஆழம்னு பேரோட காட்டும். ஆத்துப் பாதை கீழ போறப்ப ப்ரோக்ராம் உச்சத்துல காட்டுச்சுன்னா கிளைனோ சைன் மாறியிருக்குன்னு அங்கயே தெரிஞ்சிடும். மொத்த நீளத்தத்தான் எல்லாரும் முதல்ல பாப்பாங்க, டேட்டா செக் பண்ண அதுதான் உபயோகமே இல்லாத நம்பர்.

லூப் க்ளோஷர்னு சொல்றாங்களே, ப்ரோக்ராம் உண்மையில என்ன பண்ணுது?

சுத்தி வந்து கிளம்பின ஸ்டேஷன்லயே முடிச்சா கணக்குப்படி வித்தியாசம் ஜீரோ வரணும், வராது, ஏன்னா ஒவ்வொரு ரீடிங்லயும் கொஞ்சம் பிழை இருக்கும். அந்த மிச்சத்த லீஸ்ட் ஸ்கொயர்ஸ் முறையில எல்லா லெக்குக்கும் பிரிச்சுக் குடுக்கும், எல்லாருக்கும் சமமா இல்ல, எந்த லெக்ல பிழை அதிகமா வர வாய்ப்போ அதுக்கு அதிகமா. நீளமான லெக்ல ஒரு டிகிரி தப்புனா அதிகம் நகரும்ல, அதனால அதுக்குப் பங்கு அதிகம். லூப் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னியிருந்தாலும் எல்லாத்தையும் ஒரே நேரத்துல தீர்க்கும், எந்த லூப்ப முதல்ல மூடினோம்ங்கற வரிசைப் பிரச்சனை இங்க கிடையாது.

கருவி எவ்வளவு துல்லியம்னு நீங்க சொல்லலைனா டீஃபால்ட்டா பிசிஆர்ஏ (பிரிட்டிஷ் குகை ஆராய்ச்சி சங்கம்) கிரேடு 5 அளவுக்கு எடுத்துக்கும். கிரேடு 5னா கோணம் ஒரு டிகிரிக்குள்ள, நீளமும் ஸ்டேஷன் இடமும் 10 சென்டிமீட்டருக்குள்ள. தண்ணிக்குள்ள கழுத்தளவுல நின்னு எடுத்த சர்வேனா *எஸ்டி போட்டு பிழைய அதிகமா சொல்லிடுங்க, அப்பதான் நல்ல சர்வேய அது இழுத்துக் கெடுக்காது.

இதுல ஒரு விஷயம் மட்டும் மறக்கக் கூடாது. இந்தக் கணக்கு சின்னச் சின்ன தற்செயல் பிழைக்குத்தான் சரி. 274ஐ 247ன்னு எழுதினதெல்லாம் அந்த ரகமே இல்ல, அது பிளண்டர். அதையும் ப்ரோக்ராம் பேசாம பிரிச்சுக் குடுத்துடும், ஒருத்தன் வாங்குன கடன ஊர்ல எல்லார் தலையிலயும் கட்டுற மாதிரி. படம் அழகா மூடியிருக்கும், அதுல இருக்கிற ஒவ்வொரு ஸ்டேஷனும் தப்பான இடத்துல இருக்கும்.

எர் ஃபைல எப்படிப் படிக்கிறது?

ரெண்டு சந்திப்புக்கு நடுவுல இருக்கிற லெக் வரிசைய டிராவர்ஸ்னு சொல்வாங்க, ஒவ்வொரு டிராவர்ஸுக்கும் அசல் நீளம், எத்தன லெக், எவ்வளவு நகத்தப்பட்டுச்சு, சதவீதம் எல்லாம் வரும். சதவீதத்த பாத்து ஏமாறாதீங்க, 15 மீட்டர் லூப்ல 30 சென்டிமீட்டர் விட்டா 2 சதவீதம், கேட்க பயங்கரமா இருக்கும், ஆனா அவ்வளவு சின்ன லூப்ல அது சாதாரணம். கீழ தனியா ஒரு நம்பர் வரும், அதுக்கப்புறம் எச் (கிடைமட்டம்), வி (செங்குத்து)ன்னு ரெண்டு நம்பர். இதுதான் விஷயமே. எதிர்பாத்த பிழையோட ஒப்பிட்டா வந்த பிழை எத்தன மடங்குங்கறதுதான் அது. 1 பக்கத்துல இருந்தா எதிர்பாத்த மாதிரியே வந்திருக்கு, 2 தாண்டுச்சுன்னா சந்தேகப்படுங்க, 3 தாண்டினா நோட்ட திறந்துடுங்க. எச் மட்டும் பெருசா இருந்தா காம்பஸ், வி மட்டும் பெருசா இருந்தா கிளைனோ, ரெண்டும் எகிறினா டேப்போ ஸ்டேஷன் பேரோ.

ஃபைல் பெருசா இருந்தா சார்ட்எர்னு ஒரு குட்டி ப்ரோக்ராம் இருக்கு, மோசமானத மேல கொண்டு வந்து அடுக்கும். ஏவன்லயும் பிழை அளவுப்படி கலர் போட்டுப் பாக்கலாம்.

ஒரு லூப் 6 மீட்டர் விடுது, எந்த லெக் தப்புன்னு எப்படிப் பிடிக்கிறது?

முதல் வேலை, டைப் பண்ணத நோட்டோட ஒப்பிடுங்க. ஒருத்தர் நோட்ட சத்தமா படிக்க இன்னொருத்தர் ஸ்கிரீன பாக்கணும், தனியா உக்காந்து பாத்தா கண்ணு தான் எதிர்பாக்கறதத்தான் பாக்கும். பாதிப் பிரச்சனை இங்கயே முடிஞ்சிடும்.

நோட்டும் ஃபைலும் ஒத்துப்போச்சுன்னா விட்டுப்போன தூரத்தோட திசைய பாருங்க. லூப் ஒரே ஒரு டிராவர்ஸ்தான்னா எர் ஃபைல்ல நகந்த தூரம்னு காட்டுறதுதான் மொத்த விடுபாடு. பல லூப் பின்னியிருந்தா ஒரு லெக்ல ஸ்டேஷன் பேர மாத்தி, 17ங்கறத 17எக்ஸ்னு வச்சு, லூப்ப உடைச்சு ஓட்டுங்க, அப்ப 17க்கும் 17எக்ஸுக்கும் உள்ள வித்தியாசம் கிடைக்கும். இனி துப்பறியும் வேலை:

விடுபாடு முழுக்க செங்குத்தா இருந்தா பிளஸ் மைனஸ் மாறின லெக் இருக்கும். சைன் மாறினா விடுபாடு அந்த லெக்கோட ஏத்தத்துல ரெண்டு மடங்கு. மேல குடுத்த உதாரணத்துல முதல் லெக் 12.40 மீட்டர், 14 டிகிரி, ஏத்தம் 3 மீட்டர், சைன் மாறினா விடுபாடு 6 மீட்டர். ஆக 6 மீட்டர் செங்குத்தா விட்டா ஏத்தமோ இறக்கமோ 3 மீட்டர் இருக்கிற லெக்க தேடுங்க.

விடுபாடு கிடைமட்டமா, ஏதோ ஒரு லெக்குக்கு இணையா இருந்து, அளவு அந்த லெக்கோட ரெண்டு மடங்குன்னா, காம்பஸ் 180 டிகிரி திரும்பியிருக்கு. சூண்டோ காம்பஸ்ல பெரிய நம்பருக்குப் பக்கத்துலயே எதிர்த்திசை நம்பர் சின்னதா இருக்கும், இருட்டுல கண்ணு அங்க போயிடும். இணையாவும் இருக்கு ஆனா அளவு சரியா 10 மீட்டர், இல்ல 1 மீட்டர்னா டேப்ப தப்பா படிச்சிருக்காங்க. லெக்குக்கு குறுக்கா இருந்தா காம்பஸ்ல 10, 20 டிகிரி தப்பு.

கிளைனோல இன்னொரு கேடி இருக்கு. சில கிளைனோல ஒரு பக்கம் டிகிரி, இன்னொரு பக்கம் சதவீதம். 14 டிகிரியும் 25 சதவீதமும் ஒண்ணுதான். ஒருத்தர் ஒரு ட்ரிப் முழுக்க தப்பான பக்கத்த படிச்சிருந்தா ஒரு லெக் இல்ல, எல்லா லெக்கும் செங்குத்தா எகிறும். அந்த மாதிரி இருந்தா நம்பர ஒவ்வொண்ணா மாத்தாதீங்க, அந்த ட்ரிப்புக்கு மட்டும் *யூனிட்ஸ் போட்டு சதவீதம்னு சொல்லிடலாம்.

மோசமான ஒண்ண திருத்தினதும் உடனே திரும்ப ஓட்டுங்க. ஒரு பிளண்டர் பக்கத்து லூப் எல்லாத்தையும் இழுத்து வச்சிருக்கும், அத எடுத்தா மத்தது தானா சரியாகும். சந்தேகம் மட்டும்தான், நோட்டுல ஆதாரம் இல்லைன்னா நம்பர மாத்தக் கூடாது. அந்த லெக்குக்கு பெரிய *எஸ்டி குடுத்துட்டு அரைப்புள்ளி போட்டு ஏன்னு எழுதி வைங்க, அடுத்த தடவ போறவங்க அளந்துட்டு வரட்டும்.

எங்க லூப் எல்லாம் 1க்குக் கீழ, சூப்பரா மூடுது. அப்ப சர்வே கரெக்ட்தானே?

இதத்தான் நிறைய பேர் நம்பிக்கிட்டு இருக்காங்க. இல்ல.

காம்பஸ் எப்பவும் 2 டிகிரி அதிகமா காட்டுதுன்னு வைங்க, ஒவ்வொரு லெக்கும் அதே 2 டிகிரி திரும்பும், மொத்த லூப்பும் அப்படியே சுழலும், கச்சிதமா மூடும், எர் ஃபைல்ல ஒரு தடயமும் இருக்காது. டேப் 1 சதவீதம் நீண்டு போயிருந்தாலும் அதே கதைதான், மொத்தக் குகையும் சீரா சுருங்கும், லூப் மூடும். அதே ஒரு டிகிரி தற்செயலா இப்படியும் அப்படியும் வந்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சிக்கும். 10 மீட்டர் லெக் 100 இருக்குன்னு வைங்க, தற்செயலா ஒரு டிகிரினா கடைசி ஸ்டேஷன் சுமார் 1.7 மீட்டர் தள்ளிப் போகும், நிரந்தரமா ஒரே பக்கம் ஒரு டிகிரினா 17 மீட்டர். பத்து மடங்கு. லூப் க்ளோஷருக்கு பெரியதுதான் தெரியாது.

கிளைனோ மட்டும் காட்டிக் குடுக்கும். அர டிகிரி ஜீரோ எர்ரர் இருக்கிற கிளைனோவ வச்சு 10 மீட்டர் லெக் 50 எல்லாத்தையும் ஒரே திசையில எடுத்தா லூப் 4 மீட்டருக்கு மேல செங்குத்தா விடும். லீப்ஃப்ராக் முறையில ஒரு லெக் முன்னாடி பாத்து, அடுத்தது பின்னாடி பாத்துன்னு மாத்தி மாத்தி எடுத்திருந்தா இதுவும் பெரும்பாலும் அடிபட்டுப் போயிடும், அதுக்காகவே அந்த முறை நல்லது.

மத்தபடி இந்த மாதிரி நிரந்தரப் பிழைய பிடிக்க வெளியில இருந்து ஆதாரம் வேணும். ஒவ்வொரு ட்ரிப்புக்கும் முன்னாடி எல்லாரோட கருவியையும் ஒரே கோட்டுல ரெண்டு பக்கமும் வச்சு பாத்து எழுதிடுங்க. பேக்சைட் (அடுத்த ஸ்டேஷன்ல இருந்து திரும்பிப் பாத்து எடுக்கிற ரீடிங்) எடுத்தா *டேட்டா வரியில பேக்காம்பஸ், பேக்கிளைனோ சேத்துக்கலாம், ரெண்டும் ஒத்துப்போகலைன்னா ப்ரோக்ராமே சொல்லும். ஹெல்மெட் விளக்கு, பேட்டரி, இரும்பு காராபினர், சில பேரோட கண்ணாடி ஃப்ரேம், இதெல்லாம் காம்பஸ இழுக்கும், அதே ஆள் ரெண்டு பக்கமும் அதே கண்ணாடியோட படிச்சா பேக்சைட்டுலகூட தெரியாம போகலாம்.

கேலிப்ரேட் கமாண்ட்ல பிளஸ்ஸா மைனஸா?

கருவி எவ்வளவு அதிகமா காட்டுதோ அத போடுங்க, ப்ரோக்ராம் அத கழிச்சுக்கும். டேப் முனை பிஞ்சு போய் 20 சென்டிமீட்டர்ல இருந்துதான் ஆரம்பிக்குதுன்னா ஒவ்வொரு ரீடிங்கும் 0.2 அதிகம், அதனால பிளஸ் 0.2. காம்பஸ் 2 டிகிரி அதிகமா காட்டினா பிளஸ் 2. ரீடிங்க கையால திருத்தி டைப் பண்ணவே பண்ணாதீங்க, நோட்டுல இருக்கிறதுதான் ஃபைல்ல இருக்கணும், திருத்தம் எல்லாம் கமாண்ட்ல.

டிக்லினேஷன் போடலைன்னா என்ன ஆகும்?

டிக்லினேஷன்னா காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள கோண வித்தியாசம். ஒரே நாள்ல முழுக்க அளந்த குட்டிக் குகைனா வடக்கு கொஞ்சம் தப்பா இருக்கும், அவ்வளவுதான். ஆனா காந்த வடக்கு வருஷா வருஷம் நகருது, இருவது வருஷ டேட்டாவ ஒண்ணா சேக்கறப்ப பழைய பாதையும் புதுப் பாதையும் வேற வேற வடக்குல இருக்கும், அப்புறம் லூப் ஏன் விடுதுன்னு மண்டைய உடைச்சுக்கணும். *டிக்லினேஷன் ஆட்டோன்னு போட்டு குகை இருக்கிற இடத்தோட கோஆர்டினேட் குடுத்தா, ஒவ்வொரு சர்வேயோட *டேட்ட பாத்து ஐஜிஆர்எஃப்ங்கற பூமி காந்தப்புல மாடல்ல இருந்து தானே கணக்கு போட்டுக்கும். அதனாலதான் தேதி இல்லாத சர்வே ஃபைல பாத்தா எனக்குக் கோபம் வருது. பழைய ஃபைல்கள்ல *கேலிப்ரேட் டிக்லினேஷன்னு இருக்கும், அதுல சைன் தலைகீழ், கிழக்கு டிக்லினேஷனுக்கு மைனஸ். புதுசா *டிக்லினேஷன் எழுதுறப்ப கிழக்கு பிளஸ். காப்பி பேஸ்ட் பண்றப்ப பாத்து.

ரெண்டு வாசலுக்கும் ஜிபிஎஸ் எடுத்திருக்கோம், ரெண்டையும் ஃபிக்ஸ் பண்ணலாமா?

பண்ணலாம், பண்ணவும் வேணும், காம்பஸ் நிரந்தரப் பிழைய பிடிக்க இதுதான் நல்ல வழி. ஆனா வெறுமனே *ஃபிக்ஸ் போட்டா அந்தப் புள்ளி துளிகூட நகராதுன்னு அர்த்தம், ஜிபிஎஸ் 8 மீட்டர் தப்பா இருந்தா குகையப் புடிச்சு இழுத்து அதுக்குப் பொருத்திடும். மரமும் பாறையும் மறைக்கிற வாசல்ல ஜிபிஎஸ் நல்லா வராது, உயரம் இன்னும் மோசம். அதனால கோஆர்டினேட்டுக்குப் பின்னாடி பிழை அளவையும் சேத்துக் குடுங்க. முதல்ல ஒரு வாசல மட்டும் ஃபிக்ஸ் பண்ணி ஓட்டி, இன்னொண்ணு எங்க வந்து விழுதுன்னு பாத்துட்டு அப்புறம் ரெண்டாவத சேக்கறது என் பழக்கம். *சிஎஸ் போட்டு எந்த கோஆர்டினேட் முறைன்னு சொல்லணும், *சிஎஸ் அவுட் மீட்டர்ல இருக்கிற முறையா இருக்கணும், அட்சரேகை தீர்க்கரேகைய உள்ள வாங்கிக்கும், அதுலயே வெளிய குடுக்காது.

எல்லாம் கனெக்ட் ஆகலைன்னு புலம்புது?

ஏதோ ஒரு சர்வே மத்ததோட ஒட்டல. ரெண்டு சர்வேல வர்ற ஸ்டேஷன் ஒண்ணுதான்னு சொல்ற *இக்வேட் விட்டுப்போயிருக்கும், இல்ல ஸ்டேஷன் பேருக்கு முன்னாடி சர்வே பேர் தப்பா இருக்கும். ஒட்டாத ஸ்டேஷன் பேரையே லிஸ்ட் போட்டுக் காட்டும், படிங்க. எதையுமே ஃபிக்ஸ் பண்ணலைன்னா பிரச்சனை இல்ல, ஏதாவது ஒரு ஸ்டேஷன ஜீரோ ஜீரோ ஜீரோல வச்சுட்டு சொல்லிட்டு ஓடிடும்.

செங்குத்தா கயிறுல இறங்குற கிணறுக்கு காம்பஸ் என்ன போடறது?

காம்பஸ் இடத்துல ஹைஃபன், கிளைனோ இடத்துல டவுன் இல்ல அப். நோட்டுல எல்லாம் -90ன்னு எழுதி வச்சிருந்தா *இன்ஃபர் பிளம்ப்ஸ் ஆன்னு போட்டுடுங்க.

எங்க குகை நீளம் திடீர்னு ரெண்டு மடங்கு ஆயிடுச்சு!

வாழ்த்து சொல்லணும்னு ஆசைதான், ஆனா டிஸ்டோ எக்ஸ்ங்கற லேசர் கருவியில எடுத்த ஸ்ப்ளே ஷாட் எல்லாத்தையும் லெக்கா எண்ணியிருக்கும். ஒரு ஸ்டேஷன்ல நின்னு சுவர், கூரைன்னு சுத்தி அடிக்கிற லேசர் ஷாட்தான் ஸ்ப்ளே. அதுக்கு *ஃப்ளாக்ஸ் ஸ்ப்ளே போடணும். ஒரே பாதைய ரெண்டாவது தடவ அளந்தா டூப்ளிகேட், வெளிய நிலத்து மேல அளந்தது சர்ஃபேஸ். இந்த மூணும் நீளக் கணக்குல சேராது, ஆனா டூப்ளிகேட்டும் சர்ஃபேஸும் லூப் மூடறதுக்கு உதவும், அதனால தூக்கிப் போடாதீங்க.

தெரியன் இருக்கறப்ப இது எதுக்கு?

வேற வேற வேலை. தெரியன் கையால வரைஞ்ச ஸ்கெட்ச சர்வே கோட்டோட சேத்து, லூப் மூடினதுக்குத் தகுந்தபடி வளைச்சு, அச்சடிக்கிற மேப் குடுக்கும். அதுக்கு சர்வெக்ஸ் டேட்டாவையே உள்ள குடுக்கலாம். மேப் வேணும்னா தெரியன், டேட்டா சுத்தம் பண்ண கேவர்ன் வேகமா இருக்கும். காம்பஸ்ங்கற விண்டோஸ் ப்ரோக்ராமோட ஃபைல கேவர்ன் நேரடியா படிச்சுக்கும், அங்க பல வருஷ டேட்டா வச்சிருக்கிறவங்க திரும்ப டைப் பண்ண வேண்டாம்.

ஃபைல எப்படி அடுக்கி வைக்கிறது?

ஒரு ட்ரிப்புக்கு ஒரு ஃபைல். குகைக்கு ஒரு மாஸ்டர் ஃபைல், அதுல *இன்க்ளூட் வரியும் *இக்வேட் வரியும் மட்டும், ஒரு லெக்கூட வேண்டாம். வெறும் டெக்ஸ்ட்ங்கறதால கிட்ல (ஃபைல் மாற்றங்கள பதிவு பண்ணி வைக்கிற மென்பொருள்) போட்டா யார் எந்த நம்பர எப்ப மாத்தினாங்கன்னு வரி வரியா தெரியும். த்ரீ-டி ஃபைல கிட்ல ஏத்தாதீங்க, வேணும்ங்கறப்ப ஓட்டிக்கலாம். நோட்டு பக்கத்த ஸ்கேன் பண்ணி அதே ஃபோல்டர்ல வைங்க, மேல சொன்ன பிளண்டர் வேட்டை எல்லாம் அது இல்லாம நடக்காது.

ஃபோன்ல மேப் மேல போட்டுப் பாக்க முடியுமா?

சர்வெக்ஸ்போர்ட்ல ஜிபிஎக்ஸ் இல்ல கேஎம்எல் எடுங்க, கம்ப்யூட்டர்ல வரையுற கேட் மென்பொருளுக்கு டிஎக்ஸ்எஃப், படமா வேணும்னா எஸ்விஜி. முதல் ரெண்டும் வரணும்னா *சிஎஸ் சரியா குடுத்திருக்கணும். அந்த ஃபைல்ல வாசல் எங்க இருக்குன்னு துல்லியமா இருக்கும், வௌவால் தங்குற குகை, உடையுற கல்தூண் இருக்கிற குகைனா பொதுவுல போடறதுக்கு முன்னாடி குழுவுல எல்லாரையும் கேட்டுக்கங்க.